ஞாயிற்றுக்கிழமை கருடன்

எனக்கு எழுதத் தகுதி உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த பழைய பத்திரிகைத் தாள்கள். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற இடமென்றால் வாசல் வரை போய்விட்டு, வேறு வேலை இருப்பதுபோலத் திரும்பி வந்துவிடுகிறவன் நான். இப்படிப்பட்டவன் மற்றவர்கள் படிப்பதற்கென்று உட்கார்ந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பறவையைப் பார்க்கப் போன சங்கதி இது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தின் இரண்டாவது வெள்ளைக்கார அதிகாரியான சின்னத் துரை தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காட்டோரமாகப் பறவை பார்க்கப் போகும்போது நாங்களும் சிரித்திருக்கிறோம். வேலை வெட்டி இல்லாத மனுஷன் என்று பேசியிருக்கிறோம்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. மலாயாவில், ஜொகூர் ஆற்றில் போய்ச் சேருகிற ஒரு சிற்றாற்றின் ஓரம், கோத்தா திங்கி ஊரிலிருந்து கீழே, காட்டுக்குள் தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். நான் புகைக்கூடத்தில் ரப்பர் தகடுகளை மாட்டிக் காயவைக்கிறவன். என் மனைவி ரப்பர் மரங்களில் பால் வெட்டினாள். நான் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன். ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் கல்யாணத்துக்குப் பிறகுதான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தாள்.

எங்களுக்கு முதலில் பிறந்த பையன் தவழ்கிற வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அந்தக் காய்ச்சல் ஒருமுறை விட்டுத்தான் திரும்ப வந்தது. விட்டபோது அவள் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தாள். திருவிழா வரட்டும், எடுக்கலாம் என்று இருந்தோம். திருவிழாவுக்கு முன்பே பையன் போய்விட்டான். கொசுக் காய்ச்சல் விட்டு விட்டுத்தான் வரும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் எத்தனையோ தடவை சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வேண்டிக்கொண்டதைச் செலுத்தாமல் வைத்திருந்தோம், அதனால் சாமி கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டது என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

பிறகு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயது தாண்டியபோது அதே காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து கசக்கும், கொடுத்தால் துப்பினாள். ஒரு விடியற்காலையில் குழந்தைக்குக் கண் செருகிவிட்டது. மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து, சத்தமாகவே சொன்னாள்.

"பெருமாளே, இவள எழுப்பி உக்கார வச்சிரு. ஞாயித்துக்கெழம கருடனக் கண்ணால பாத்து, கன்னத்துல போட்டுக்கிட்டு, அதுக்கப்புறந்தான் சோறு தொடுவேன்."

அவள் பிறந்த ஊரில் இது ஒரு கஷ்டமான வேண்டுதலே இல்லை. அவள் வீட்டார் நாமம் போடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை கருடனைப் பார்த்தால் நோய் விலகும் என்பது அவர்கள் வழக்கம். கோயில் குளத்துக்கு மேலே உச்சிப் பொழுதுக்குள் ஒரு கருடனாவது வட்டம் போட்டுவிடுமாம். பெண்கள் சமைத்து வைத்துவிட்டுப் படித்துறையில் வந்து நிற்பார்கள், பார்ப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் வேண்டிக்கொள்கிற வேண்டுதல் அது. பயத்தில் அம்மா வீட்டு வழக்கம் வாயில் வந்துவிட்டது. எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்த நானும் நினைக்கவில்லை.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டொரு நாளில் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் வாசலில் கோழியை விரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரம் ஞாயிறன்று மனைவி தலைக்குக் குளித்து, சோறாக்கி வைத்துவிட்டு, பிரட்டுக் களத்தில் போய் நின்றாள். காலையில் ஆட்களை நிற்கவைத்துக் கணக்கெடுக்கிற மைதானம் அது. எங்கள் தோட்டத்தில் வானம் தெரிகிற இடம் அது ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் பால் மரங்கள் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும். விலை விழுந்ததிலிருந்து ஞாயிறு பால்வெட்டை நிறுத்தியிருந்தார்கள். அதனால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அவள் நிற்பதைப் பார்த்து முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்கள். பொழுது சாயும் வரை அண்ணாந்து பார்த்தோம். காக்கை கூட வரவில்லை. அவள் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு வெறும் வரக்காப்பி குடித்துப் படுத்தாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஞாயிறு வந்தால்தானே பார்க்க முடியும்.

அடுத்த வீட்டு அக்காவை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் வேதக்காரர். கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்றாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். அவர் என் மனைவியிடம், சோறு தொடமாட்டேன் என்றுதானே சொன்னாய், மரவள்ளிக்கிழங்கு சோறாகுமா, அவித்துத் தருகிறேன், தின்னு என்றார்.

"சாமிகிட்டப் போயி வக்கீல் பேச்சு பேசச் சொல்றீங்களா அக்கா?"

"ஆமாடி. உன் சாமிதான் இவ்வளவு கிராக்கி பண்ணுது. எங்க சாமிக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்துனா மூச்சு விடாது."

மாரியம்மன் கோயில் பூசாரி, பாலூற்றி வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். பெருமாளிடம் சொன்னதை மாரியாத்தாளிடம் எப்படி மாற்றுவது என்று அவள் கேட்டாள்.

இரண்டாவது ஞாயிறு வந்தபோது அவளுக்கு நின்றுகொண்டிருக்க முடியவில்லை. களத்து ஓரத்தில் சாக்கைப் போட்டு உட்காரவைத்தோம். லயத்து ஆட்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார்கள். எது பறந்தாலும் கருடன் என்று சொல்லத் தொடங்கினார்கள். காட்டுக்கு மேலே ஒரு கறுத்த பருந்து விசிலடித்துக்கொண்டு போயிற்று. அக்காதான் முதலில் கத்தினார், அதோ கருடன், பாத்துட்டேன், கன்னத்துல போட்டுக்கோ என்று. மனைவி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கழுத்து வெள்ளையாக இல்லை என்றாள். பிறகு இரண்டு இருவாட்சிகள் இறக்கையால் புசுபுசுவென்று சத்தம் போட்டுக்கொண்டு போயின. ஒரு கிழவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"இந்த நாட்டுக் கருடன் இப்புடித்தான் தாயி இருக்கும். கப்பல்ல வரும்போது நானே பாத்திருக்கேன்."

"மூக்கு மேல இன்னொரு மூக்கோடயா தாத்தா?" என்று அவள் கேட்டாள். அத்தனை பசியிலும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் என்னிடம், இவர்கள் எல்லோரும் எனக்காகத்தான் பொய் சொல்கிறார்கள், ஆனால் இனிமேல் ஒருத்தர் சொல்வதையும் நான் நம்ப முடியாது என்றாள்.

திங்கட்கிழமை அவள் வெட்டுக்குப் போனாள். பால் வாளியோடு வரப்பில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டிரெசர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கஞ்சிக் குவளையை வாயருகே வைத்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் என்னை வெளியே கூப்பிட்டு, வரிசையில் நிற்கிற ஆட்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். இன்னும் ஒரு வாரம் இவள் இப்படி இருந்தால் நான் பொறுப்பில்லை, புருஷன் என்று நீ எதற்கு இருக்கிறாய், வாயைத் திறந்து ஊற்ற வேண்டியதுதானே என்றார். எனக்குத் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ஊற்றியும் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை, அழவும் இல்லை. ஊற்றியதெல்லாம் கடைவாய் வழியாக வழிந்தது. "அவளையும் தூக்கிக் குடுத்துருவமா?" என்று மட்டும் கேட்டாள். வெளியே மகள் யாரோடோ சண்டை போட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் சின்னத் துரையைப் போய்ப் பார்த்தேன். துரையிடம் நானாகப் போய்ப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பங்களாப் படியில் நின்று, என்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை மறந்து, ஒரு பறவை, கழுத்து வெள்ளை, உடம்பு செங்கல் நிறம், அது இங்கே எங்கே இருக்கும் என்று உளறினேன். அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்கே இல்லே. நான் இத்தனை வருஷம் பாத்தேன், இந்தத் தோட்டத்துலே ஒண்ணுகூட இல்லே. அது உப்புத் தண்ணிப் பறவை. கீழே போகணும், கடல்கிட்டே, சேத்துலே பாக்காவ் மரம் இருக்கற இடம். உனக்கு எதுக்கு அது?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனைவி சாகக் கிடக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோட்டத்துப் படகுத்துறைக்கு மீன் கொண்டுவருகிற ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். மரியாதையாகப் பாக் என்று கூப்பிடுவோம். ஆற்று முகத்துப் பக்கம் அவருடைய கம்பம், அதாவது கிராமம். அக்கா அவரிடம் மீன் வாங்குகிற சாக்கில் தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் கேட்டுவிட்டு, ஹெலாங் மேரா, சிவப்புப் பருந்து, அதற்கா இவ்வளவு பாடு, எங்கள் மீன்பொறிக் கழிகளில் வந்து உட்கார்ந்து நாள் பூராவும் திருடுகிறதே என்றார். ஞாயிறு காலையில் கடல் நீர் வடிகிறபோது தன் படகில் கூட்டிக்கொண்டு போவதாகவும், பொழுது சாய்வதற்குள் கடல் ஏற்றத்தில் கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னார்.

கேட்டதும் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அது மார்கழி. சனிக்கிழமை சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஜொகூரில் மார்கழி மழை பிடித்தால் எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை அவளைத் துணியில் சுற்றி நான் தூக்கிக்கொண்டுதான் படகுத்துறைக்குப் போனேன். ஒரு கட்டு விறகைவிட லேசாக இருந்தாள். மகளை அக்காவின் மூத்த பெண்ணிடம் விட்டோம். அக்கா ஒரு கூடையோடு வந்து படகில் ஏறிக்கொண்டார். கூடையில் வாழையிலையில் கட்டிய சோறு இருந்தது. பருந்தைப் பார்த்த கையோடு ஊட்டிவிடப் போகிறேன், வீட்டுக்கு வருகிற வரை காத்திருக்க முடியாது என்றார்.

"வேதக்காரி வந்து கருடன் பாக்கறியேன்னு உங்க சாமியார் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"மீன் வாங்கப் போனேன்னுவேன். நீ வாய மூடிக்கிட்டுப் படு. மூச்ச சேத்து வை."

பாக் படகின் நடுவில் நிப்பா என்கிற நீர்ப்பனை ஓலையால் சின்னக் கூரை போட்டிருந்தார். அதற்குள் அவளைப் படுக்கவைத்து அக்கா மடியில் தலையை வைத்துக்கொண்டார். சிற்றாறு மழையில் பெருகி, வேரோடு பிடுங்கிய செடிகளைச் சுமந்துகொண்டு ஓடியது. பெரிய ஆற்றில் சேர்ந்த பிறகு கரை இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போயிற்று. பால் மரம் போய்க் காடு வந்தது, காடு போய் நிப்பா வந்தது. பிறகு தண்ணீருக்குள் விரல் ஊன்றி நிற்கிற மாதிரி வேர் விட்ட பாக்காவ் மரங்கள். அவ்வளவு வானத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் வானம் முழுவதும் ஈயம் பூசியதுபோல இருந்தது. மழை விழுந்துகொண்டே இருந்தது.

பாக்கின் மீன்பொறி ஆற்றின் ஓரமாக, வரிசையாக நட்ட கழிகளோடு இருந்தது. கழிகளின் மேல் ஒன்றும் இல்லை. படகை ஒரு கழியில் கட்டினார். மழையில் பருந்து பறக்காது, இறக்கையை நனைத்துக்கொள்ள அதற்குப் பைத்தியமா, மழை குறையட்டும் என்றார். நாங்கள் காத்திருந்தோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொக்குகள் வந்து சேற்றில் இறங்கின. மொட்டைத் தலையோடு ஒரு பெரிய நாரை வந்து, எங்களைப் பார்த்து வெறுத்துப்போய் எழுந்து போயிற்று. மழை ஒரு தடவை கொஞ்சம் தணிந்தபோது கடல் பக்கத்திலிருந்து பெரிய பறவை ஒன்று வந்தது. நெஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் அவளைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தேன். அவள் பார்த்த உடனே இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒடம்பு முழுக்க வெள்ள. முதுகு சாம்பலு. இது இல்ல."

ஹெலாங் லாவுட், கடல் கழுகு என்றார் பாக். என்னைவிட அவள் சரியாகச் சொன்னாள் என்று அக்காவிடம் சிரித்தார். அதன் பிறகு அவள் உட்காரவில்லை. உதடு வெடித்து, கண் பாதி மூடி, நாங்கள் கூப்பிட்டால் உம் என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த உம் கூட நின்றுவிட்டது. அக்கா அவள் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தபடியே இருந்தார். வாய் ஓயாத அக்கா, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பேசாமல் இருந்ததுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

நீர் வடிந்து நின்றது. பிறகு கழிகளைச் சுற்றிச் சின்னச் சுழிகள் எழுந்தன. ஏற்றம் ஆரம்பித்துவிட்டது, கிளம்பலாம் என்று பாக் சொன்னார். மேலே மழைத் தண்ணீர் பெருகிவிட்டால் ஏற்றம் உதவாது, எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் சந்தையில் கேட்டது. அதை வைத்துக்கொண்டு பேசினேன். பேசினேன் என்று சொல்வதைவிடக் கெஞ்சினேன் என்று சொல்ல வேண்டும். முதல் பையன் போனது, மகள், டிரெசர் சொன்னது, துரையிடம் சொல்லாதது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. செபந்தார், கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிவிட்டுத் துடுப்பைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் வந்தது.

பாக்காவ் மரங்களுக்குப் பின்னாலிருந்து தாழ்வாக வந்தது. கழிகளுக்கு மேல் சாய்ந்து திரும்பியது. கழுத்தும் நெஞ்சும் வெள்ளை. மற்றதெல்லாம் நனைந்த செங்கல் நிறம். தண்ணீரில் மிதந்த எதையோ காலால் எடுத்துக்கொண்டு எங்கள் படகுக்கு மேலேயே வந்து ஒரு தடவை வாயைத் திறந்தது. நான் அதற்கு முன் கருடனைப் பார்த்ததில்லை. ஆனாலும் சந்தேகமே வரவில்லை. என் கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று. பிறகுதான் அவளுடைய நினைவு வந்தது.

அக்கா அவளை உலுக்கினார். எழுந்திருடி, எழுந்திருடி என்று கன்னத்தில் அறைந்தார். நான் ஓலைக் கூரையைப் பிய்த்து எறிந்தேன். மழை அவள் முகத்தில் விழுந்தது. கண் திறந்தது, ஆனால் அதில் பார்வை இல்லை. பார்வை வந்தபோது வானத்தில் மழைதான் இருந்தது. பறவை மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

திரும்ப வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. பாக் கயிற்றை அவிழ்த்தார்.

திரும்பி வருகிற வழியில் அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். மழைத் தண்ணீர் உள்ளே போனதாலோ என்னவோ அவளுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்திருந்தது. மேற்கே மேகத்துக்குக் கீழே ஒரு வெளுத்த கோடு தெரிந்தது. அது அணைந்தால் ஞாயிறு முடிந்தது. இன்னொரு ஞாயிறு அவளுக்கு இல்லை என்று படகில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

பார்த்தேன் என்றேன்.

"நானும் பாத்தேன்டி. மாதா மேல சத்தியமா பாத்தேன்," என்றார் அக்கா.

"நீங்க போன வாரங்கூடத்தான் பாத்தீங்க."

அவள் என்னிடம் கழுத்து எப்படி இருந்தது, இறக்கை எப்படி இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். அதெல்லாம் அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. பார்க்காதவனும் அதைத்தான் சொல்வான்.

"கத்துச்சா?"

"கத்துச்சே. சங்கு ஊதுனாப்புல, ஆறே அதிர்ந்துச்சு," என்றார் அக்கா. அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க சொல்லுங்க."

எனக்குப் பயமாகிவிட்டது. நான் கேட்ட குரலைச் சொன்னால் பொய் மாதிரி இருக்கும். பெருமாளைச் சுமக்கிற பறவைக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யார் நம்புவார்கள்? ஆனால் வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"கத்துச்சு. பெருசா இல்ல. காய்ச்சக்காரப் புள்ள சிணுங்குமே, இழுத்து இழுத்து, அந்த மாதிரி. அதுதான் கத்துச்சான்னு எனக்கே சந்தேகம். வாயத் தொறந்தத பாத்தேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். அந்த உடம்பில் அழுவதற்குத் தண்ணீர் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "அதான். அதான் அதோட கொரலு," என்றாள். அந்தக் குரலைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்கா கூடையை இழுத்தார். நம்பிவிட்டாய் அல்லவா, சாப்பிடு என்றார்.

"அவரு பாத்துட்டாரு. நான் பாக்கலியே அக்கா."

அக்கா கூடையை அப்படியே விட்டுவிட்டார். பாக் துடுப்புப் போடுவதை நிறுத்தவில்லை. மேற்கே இருந்த கோடு மெலிந்துகொண்டு வந்தது. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தால் போகாது என்பதுபோல.

"இங்க திரும்புங்க," என்றாள் அவள். "கண்ண மூடாதீங்க."

முழங்கையை ஊன்றி எழுந்தாள். என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மற்றவர்கள் முன்னால் அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை, நானும் அப்படித்தான். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. மூடாமல் இருந்தேன். அவள் என் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்துத் தன் வலது கன்னத்தில் போட்டுக்கொண்டாள், இடது கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எங்க ஊர்ல திருப்பதி போயிட்டு வந்தவங்க கால்ல விழுவோம். சாமியப் பாத்தவங்கன்னு," என்றாள். "இது போதும்னு நான் சொல்ல முடியாது. அவன்தான் சொல்லணும். சோத்த எடுங்க, பொழுது போவுது."

இலையைப் பிரித்தபோது சோற்றில் மழைத் தண்ணீர் நின்றது. அக்கா பிழிந்து ஊட்டினார். முதல் வாய் வெளியே வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. அக்கா அழுதுகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே மறுபடி ஊட்டினார். அடுத்த வாய் நின்றது. அது உள்ளே இறங்குகிற வரை நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மேற்கே வெளிச்சம் இல்லை. சாப்பிட்டது அதற்கு முன்பா பின்பா என்று என்னால் சொல்ல முடியாது. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மழை விடவில்லை. பிரட்டில் ஆட்களை எண்ணிவிட்டு, வெட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விறகு நனைந்துவிட்டதால் புகைக்கூடத்தில் எனக்கு அரை நாள் வேலைதான். மனைவி இரண்டு தடவை கஞ்சி குடித்தாள். மகளுக்குக் காய்ச்சல் இல்லை.